வெறுஞ்சிப்பி

ஆலங்கழி என்கிற உப்பங்கழியின் நடுவில் இரண்டு சர்க்கார்களும் மஞ்சள் கம்பங்களை நட்டு, கம்பத்துக்கு வடக்கே உள்ளது வடக்கத்திச் சர்க்காருக்கு, தெற்கே உள்ளது தெற்கத்திச் சர்க்காருக்கு என்று பிரித்துவிட்டுப் போன வருஷம், ஐப்பசி மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த ஒரு காலையில், தென்கரை ஏகவல்லி எப்போதும்போல் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, முகவாய் நனையக் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பொறுக்கிக்கொண்டே போய், கம்பத்தருகே நிமிர்ந்து நெற்றியில் ஒட்டிய பாசியை வழித்தபோது, அந்தப் பக்கத்துத் தண்ணீர் இந்தப் பக்கத்துத் தண்ணீரைவிட ஒரு சாண் கீழே இருப்பதைக் கண்டாள்.

வீட்டு வாசற்படி மாதிரி இருந்தது. விளிம்பில் நுரை இல்லை, வழிதல் இல்லை. அவள் உள்ளங்கையைத் தண்ணீரின்மேல் பரப்பி முன்னால் தள்ளினாள். கை விளிம்பைத் தாண்டிக் காற்றில் தொங்கியது. ஒரு மடவை மீன் நேராக வந்து, விளிம்பில் நின்று யோசித்து, கீழே குதித்துவிட்டது. பறி பல்லில் இருந்ததால் ஏகவல்லியால் வாய்விட்டு ஒன்றும் சொல்ல முடியவில்லை. கரைக்கு வந்து பறியை இறக்கியதும் இறாலுக்கு விலை பேச ஆள் வந்துவிட்டது. ஆகவே தண்ணீர் படியாக நிற்கிற சங்கதி மத்தியானச் சோற்றுக்குப் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

தென்கரைக்குத் தலைவன் அவள் தம்பி தேசப்பன். அவன் கை அலம்பிக்கொண்டே கேட்டான்.

"எந்தப் பக்கம் ஒசரம்?"

"நம்ம பக்கந்தான்."

"அப்ப சரி," என்றான் தேசப்பன். "தண்ணிக்குக்கூட எல்லை தெரிஞ்சிருக்குது பாருக்கா. வடகரைக்காரனுங்களுக்குத்தான் தெரியாது."

முதல் சில நாட்கள் இரண்டு கரையும் அதைப் பார்க்கத் தோணி கட்டிக்கொண்டு போயின. பிறகு அது பழகிவிட்டது. தென்கரையில் இறால் பண்ணை வைத்திருந்தவர்கள், தண்ணீர் தானே ஏறி வந்து குட்டையை நிரப்புகிறது, மோட்டார் செலவு மிச்சம் என்றார்கள். வடகரையில் விளிம்புக்குக் கீழே கூடைகளை வரிசையாக வைத்து, மேலிருந்து தவறி விழுகிற மடவைகளை உட்கார்ந்தபடியே பிடித்தார்கள்; கை நனையாமல் மீன் பிடிக்கிற ஊர் உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான் என்று சந்தையில் சொல்லிக்கொண்டார்கள். அதைக் கேட்டுத் தென்கரைக்காரர்கள் ரோஷப்பட்டு விளிம்பு நெடுக வலை கட்டினார்கள். தென்கரைப் படித்துறையில் ஒருவர் டீக்கடை போட்டு, படி தெரிகிற பக்கமாகப் பெஞ்சைத் திருப்பி வைத்தார். தெற்கத்திச் சர்க்காரின் இன்ஜினியர் வந்து அளந்து பார்த்து, நம் தண்ணீர் சரியாகத்தான் இருக்கிறது, அவர்கள் தண்ணீர்தான் தாழ்ந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். வடக்கத்திச் சர்க்காரின் இன்ஜினியர் வந்து, நம் தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, அவர்கள் தண்ணீர்தான் வரம்பு மீறி எழுந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். இருவரும் ஒரே கடையில் டீ குடித்தார்கள், வேறு வேறு நாளில்.

பூநாரைகள் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் மழை முடிந்ததும் வந்து, முழங்கால் ஆழத்தில் தலையைக் கவிழ்த்து மேய்கிற அந்தக் கூட்டம், அந்த வருஷமும் வானம் சிவக்க வந்தது. தெற்கே இறங்கப் பார்த்தது, ஆழம் கூடியிருந்தது. வடக்கே இறங்கப் பார்த்தது, சேறு தெரிந்தது. படியின்மேலேயே ஒரு பகல் முழுக்கச் சுற்றிவிட்டு, ஒரு இறகுகூட உதிர்க்காமல் கிழக்கே கடல்மேல் போய்விட்டது. கடல்மேல் அவற்றுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

ஏகவல்லிக்கும் பழகவில்லை; அதற்குக் காரணம் உண்டு. அவளுடைய ஒரே மகள் கௌசல்யா வடகரைத் தலைவர் பாலய்யாவின் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாப்பிள்ளை தூரத்துத் துறைமுகத்தில் பெரிய போட்டில் வேலை, பொங்கலுக்குத்தான் வருவான். கௌசி தலைச்சன் பிள்ளைக்கு முழுகாமல் இருந்தாள். பாலய்யாவின் வீடு வடகரையிலேயே கழிக்கு மிகக் கிட்டத்தில், கம்பத்துக்கு நேர் எதிரில் இருந்தது. ஒரு சாணாக இருந்த படி கார்த்திகை பிறந்தபோது முழங்கால் உயரமாயிற்று, தீபத்தன்று இடுப்புயரம், அதற்குப் பிறகு ஆள் உயரத்தைத் தாண்டி, இளந்தென்னை உயரத்தைத் தாண்டி, சுவராக நின்றது. சுவர் வளர வளரத் தென்கரையில் தண்ணீர் சத்தமில்லாமல் தெருவுக்குள் வந்து முதல் வரிசை வீடுகளின் வாசலில் படுத்துக்கொண்டது. வடகரையில் சேறு காய்ந்து வெடித்து, கிணறுகளில் உப்புப் பூத்தது. அப்படியும் இரண்டு கரைக்கும் குறை இல்லை. தென்கரையில், நமக்குக் கழி பெருகுகிறது என்றார்கள். வடகரையில், நமக்கு நிலம் பிறக்கிறது என்றார்கள். பிறந்த நிலத்துக்கு ஏக்கர் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு பட்டணத்திலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர்கள்கூட வந்துபோனார்கள்.

கார்த்திகைக் கடைசியில் ஏகவல்லி மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வரப் புறப்பட்டாள். தோணியை விளிம்பில் கம்பத்தோடு கட்டிவிட்டு, கயிற்றேணியைக் கீழே விட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போது சுவர் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. உள்ளே, அவள் தலைக்கு மேலேயும் கால்களுக்குக் கீழேயும், மடவைகளும் நண்டுகளும் கடல்பாசியும் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் இருந்தன. விரலால் தொட்டால் விரல் நனைந்தது, சுவர் அசையவில்லை. ஆனால் காதை வைத்தால், மாடு தூக்கத்தில் முனகுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

பாலய்யா புதிதாகப் பிறந்த நிலத்தில், சுவருக்கு நேர் எதிரே, கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"வா சம்மந்தி. மேலேர்ந்து இறங்கி வர்ற, மகாராணி மாதிரி."

"பொண்ணைக் கூட்டிக்கினு போவ வந்தேன் அண்ணே. மாசம் ஆயிடுச்சில்ல."

"கூட்டிக்கினு போவலாம், என்னா அவசரம்? தண்ணில மிதக்கிற வீட்டுலயா புள்ள பெறப் போவுது? இங்க பாரு, தரை எப்படிக் காய்ஞ்சு கிடக்குது. கட்டில்கூட ஆடல."

"அண்ணே, பின்னால பாருங்க. இது உங்க தலைமேல நிக்குது."

"நிக்குதில்ல? விழலையே. விழறதா இருந்தா எப்பவோ விழுந்திருக்கும்."

கௌசி சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். வயிறு முன்னே வர, அவள் பின்னே வந்தாள். தண்ணீர் கரித்தது. ஏகவல்லி முகம் சுளிக்காமல் குடித்தாள்.

"முகத்துவாரம் அடைச்சுக்கினு கெடக்குது அண்ணே," என்றாள். "அதான் எல்லாம். கழி மூச்சு விட வழியில்ல. உங்காளுங்க இந்த வருசம் மண்ணு தள்ளலையா?"

பாலய்யா சிரித்தார். "நாங்க எதுக்குத் தள்ளணும்? வெறுஞ்சிப்பி உங்ககிட்ட இல்ல கீது?"

ஏகவல்லி சொம்பைக் கீழே வைத்தாள்.

ஆலங்கழியில் வலை போடுவதற்குப் பாடு உண்டு. எல்லாக் குப்பங்களுக்கும் ஒரு சிப்பி, சிப்பியில் அந்தக் குப்பத்தின் குறி. அமாவாசைக்கு அமாவாசை எல்லாச் சிப்பிகளையும் ஒரே பானையில் போட்டுக் குலுக்கி, கரைக்குக் கடைசியாக மருமகளாக வந்த பெண் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். எடுத்த வரிசையில் பாடு; யாருக்கு எந்த நாளோ அந்த நாளில் அவர்கள் மட்டும் வலை இறக்கலாம். பானையில் குறி இல்லாத சிப்பியும் ஒன்று உண்டு. அது கழியின் சொந்தப் பாடு. வெறுஞ்சிப்பி விழுந்த நாளில் யாரும் வலை இறக்கக்கூடாது, தண்ணீரில் கைகூட அலம்பக்கூடாது. இரண்டு கரையும் மண்வெட்டியும் கூடையுமாக முகத்துவாரத்துக்குப் போய், கடல் கொண்டு வந்து கொட்டிய மணலை வாரிக் கழிக்கு வழி விடவேண்டும். இப்படித்தான் நடந்து வந்தது. கம்பம் நட்டபின் பானை இரண்டாயிற்று. மணலில் சிப்பிகளைக் கொட்டி, வடகரைக் குறி உள்ளதை வடகரை எடுத்துக்கொண்டது, தென்கரைக் குறி உள்ளதைத் தென்கரை எடுத்துக்கொண்டது. வெறுஞ்சிப்பியில் யார் குறியும் இல்லை. அதை அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று இவர்கள் இருந்தார்கள். இவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று அவர்கள் இருந்தார்கள். அது மணலிலேயே கிடந்து, வீட்டுக்குத் திரும்பிய கால்களின் கீழே புதைந்து போயிற்று.

"எங்ககிட்ட இல்ல அண்ணே," என்றாள் ஏகவல்லி. "உங்ககிட்ட இருக்குதுன்னுதான் நாங்க…"

பாலய்யா கட்டிலின் கயிற்றை இழுத்து இறுக்கினார். அவர் பின்னால் சுவருக்குள் ஒரு பெரிய கொடுவா மீன் வந்து நின்று, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பதுபோல் வாயைத் திறந்து மூடியது.

"சரி, போச்சு," என்றார் கடைசியில். "இப்ப நாங்க போட்டா ஒரு நாள் பாடு எங்களுக்கு நஷ்டம். உங்காளுங்க அன்னிக்கும் வலை போடுவானுங்க. நீங்க மொதல்ல போடுங்க."

"எங்க தம்பியும் இதையேதான் சொல்லுவான்."

"அப்ப அவனும் விவரமானவன்தான்."

ஏகவல்லி மகளைக் கையைப் பிடித்துச் சுவரோரமாக அழைத்துப் போனாள். "துணிமணி எடு. இப்பவே கிளம்பு. ஏணியை நான் பிடிச்சுக்கறேன்."

கௌசி நகரவில்லை.

"எம்மா, இந்தக் கரைக்குக் கடைசியா வந்த மருமக நாந்தான். அமாவாசைக்குப் பானைல கை வுடப்போறவ நாந்தான். நான் மேல வந்துட்டா இங்க யாரு போடுவா?"

"உனக்கின்னாடி தலையெழுத்து? வயித்துல புள்ளய வெச்சிக்கினு…"

"அதான் சொல்றேன். வயித்துல இருக்கிறது இந்தக் கரைப் புள்ள. நான் மட்டும் ஏறி வந்து, அப்பால இது இவங்க மேல விழுந்தா, அது பெரிசாயி என்னை இன்னா கேக்கும்?" கௌசி குனிய முடியாமல் குனிந்து வெடித்த சேற்றிலிருந்து ஒரு சிப்பியைப் பெயர்த்தாள். கரை முழுக்க வெறுஞ்சிப்பிதான் கிடந்தது; கழி அதற்குப் பஞ்சமே வைத்ததில்லை. இன்னொன்றையும் பெயர்த்து அம்மாவிடம் கொடுத்தாள். "பானையைக் கழுவுறது நீதானே. உன் பக்கம் நீ போடு. ஒரே அமாவாசைல ரெண்டு பக்கமும் வந்துதுன்னா, எவன் மொதல்லன்னு கேக்க முடியாதில்ல."

ஏகவல்லி மகளைச் சுவருக்குக் கீழே விட்டுவிட்டுத் தனியாக ஏணியில் ஏறினாள். சிப்பியைப் பல்லில் கடித்திருந்தாள். தோணியில் ஏறிய பிறகும் வெகுநேரம் அதை எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவாள் என்று தெரியும்.

மார்கழி அமாவாசை வருவதற்குள் முனகல் பகலிலும் கேட்க ஆரம்பித்தது. தென்கரை டீக்கடையில் கண்ணாடி டம்ளர்கள் தாமாகவே ஒன்றையொன்று உரசிக் கிணுகிணுத்தன. கடைக்காரர் அவற்றுக்கு நடுவே துணியை மடித்து வைத்தார், பிறகு அதைப் பற்றிப் பேச்சு இல்லை. கோயிலுக்குள் தண்ணீர் வந்ததும் அம்மனைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்கள். வடகரையில் நாய்கள் எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரே திசையாக, ஊரைவிட்டு வெளியே போகிற ரோட்டில் போய் உட்கார்ந்துகொண்டன. யாராவது போய்க் கூப்பிட்டால் வாலை ஆட்டின, எழுந்து வரவில்லை.

அமாவாசைக் காலையில் ஏகவல்லி பானையைக் கழுவிக் கவிழ்த்து, நிமிர்த்தி, சிப்பிகளைப் போட்டாள். தென்கரையின் புது மருமகள் கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டாள். முதலில் வந்ததே வெறுஞ்சிப்பி. முதலில் வந்தால் அன்றைக்கே பாடு.

தேசப்பன் சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"எவ போட்டது இத?"

"பானைலேர்ந்து வந்தது பானைக்குத் திரும்பாதுடா. அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"அவங்க போடாம நாம மட்டும் போறதா? வேலையத்தவனா நானு?" என்று அவன் எகிறிக்கொண்டிருந்தபோதே, மேட்டில் நின்ற ஒருவர் கையை நீட்டிக் காட்டினார். தூரத்தில், வடகரை மணலில், மண்வெட்டிகள் வெயிலில் மின்ன ஆட்கள் முகத்துவாரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பாரு, பாரு! நமக்கு முந்திக்கிறானுங்க!" என்றான் தேசப்பன். அதற்குமேல் யாரும் யாரையும் கூப்பிடவேண்டியிருக்கவில்லை. அங்கேயும் கௌசியின் கையில் முதலில் வந்தது வெறுஞ்சிப்பிதான்; ஆனால் வடகரைக்காரர்களும் தென்கரை மேட்டில் கூட்டத்தைக் கண்டுதான் அடித்துப் பிடித்துக் கிளம்பினார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். யார் முதலில் என்பது இன்றுவரை தீரவில்லை.

முகத்துவாரத்தில் மணல் யானை படுத்ததுபோல் கிடந்தது. அதன் முதுகில், நட்ட நடுவில், கடைசி மஞ்சள் கம்பம். இரண்டு கரையும் இரண்டு பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே வந்து, கம்பம் நின்ற ஒரு பாய் அகலத் திட்டில் நின்றுவிட்டன. கம்பத்தைத் தொட்டால் கேஸ். அதைப் பிடுங்காமல் வழி திறக்காது.

"உங்க சர்க்கார் நட்டது. நீங்க புடுங்குங்க," என்றான் தேசப்பன்.

"உங்க ஆளும்தான் சுத்தியல் புடிச்சான். நீ புடுங்கு," என்றார் பாலய்யா.

அப்போது முனகல் நின்றது. இத்தனை நாளாகக் காதோடு இருந்த சத்தம் நின்றதும் எல்லாரும் தலையைத் தூக்கினார்கள். ஏகவல்லி திரும்பிப் பார்த்தாள். மணல்மேட்டிலிருந்து கழிக்குள் நீண்டு கிடந்த அந்தத் தண்ணீர்ச் சுவரில், மடவையும் கொடுவாவும் கெளுத்தியும், குஞ்சும் பெரிசுமாக எல்லா மீனும், ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டதுபோல், தலையை வடக்கே திருப்பி நின்றன. சுவரின் நடுவயிறு வடக்கே புடைத்திருந்தது. அதற்குக் கீழே, காலைப் பரப்பி வைத்து நடந்து, வேர்த்து விறுவிறுத்து, கௌசி வந்துகொண்டிருந்தாள்.

ஏகவல்லி முந்தானையை இழுத்துச் செருகினாள். திட்டின்மேல் ஏறித் தெற்குப் பக்கமிருந்து கம்பத்தைக் கட்டிப் பிடித்தாள். கௌசி ஏறி வந்து வடக்குப் பக்கமிருந்து பிடித்தாள். தாயும் மகளும் கம்பத்துக்கு இரண்டு பக்கமும் நெற்றி முட்ட நின்று இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வெட்கப்பட்டு பாலய்யா கை வைத்தார். அவர் கை வைத்ததைப் பார்த்து தேசப்பன் கை வைத்தான். கம்பம் பல் பிடுங்குவதுபோல் வந்தது. அந்தப் பள்ளத்தில் கடல் முதல் நாக்கை நீட்டியது.

சுவர் விழவில்லை. எருமை உட்காருவதுபோல், முதலில் முன்னங்காலை மடித்து, பிறகு பின்னங்காலை மடித்து, பெருமூச்சு விட்டுக்கொண்டு மெல்ல உட்கார்ந்தது. உட்கார்ந்த பாரத்தில் வடகரையின் புது நிலம் முழுவதும் போயிற்று. பாலய்யாவின் கட்டில் மிதந்து வந்து எல்லார் முன்னாலும் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போயிற்று. அதன் பின்னால் இரண்டு கரையிலும் காயப்போட்டிருந்த வலைகள் அத்தனையும், யாரோ தோளில் போட்டுக்கொண்டு நடப்பதுபோல், ஒன்றன் பின் ஒன்றாக மிதந்து வெளியே போயின. ஒருவரும் தண்ணீரில் இறங்கி மறிக்கவில்லை. அன்று அதனுடைய பாடு.

கௌசிக்கு அங்கேயே வலி கண்டது. தோணியில் தென்கரைக்குக் கொண்டு வந்தார்கள்; ஈரம் காயாத வீட்டில் பெண் பிறந்தது. தலைச்சன் பிள்ளை தாய்வீட்டில் பிறந்தது சரியா, அப்பா கரையில் பிறந்திருக்கவேண்டியதா என்று இரண்டு சம்மந்திகளும் கொஞ்ச நாள் சண்டை போட்டார்கள்.

கழி சமமாயிற்று என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் கம்பங்கள் இருந்த கோட்டில் ஒரு விரல் கனத்துக்கு ஒரு தடம் மட்டும் மிச்சம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாது. தோணி அந்த இடத்தைத் தாண்டும்போது, மாட்டுவண்டி சின்னக் கல்லில் ஏறி இறங்குவதுபோல், லேசாக ஒரு அசைவு. கௌசி மாதம் ஒருதரம் பிள்ளையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து போனாள். பிள்ளை தோணியில் ஏறினதும் தூங்கிவிடும், அந்த அசைவுக்கு உதட்டைக்கூடச் சுழிக்காது. சர்க்கார்கள் மறுபடி கம்பம் நட்டன, இந்தத் தரம் சிமெண்டில். சில அமாவாசைகளுக்கு இரண்டு பானையிலும் வெறுஞ்சிப்பி விழுந்தது. புது வலைகளுக்கு வாங்கின கடன் கழுத்தை நெரிக்க ஆரம்பித்த பிறகு, போன தடவை நாம் போட்டோம், இந்தத் தடவை அவர்கள் போடட்டும் என்று தென்கரையில் பேச்சு எழுந்தது. அதே பேச்சு வடகரையிலும் எழுந்தது. வடகரைக்கு அதற்குள் கௌசியைவிடப் புது மருமகள் வந்துவிட்டாள். தென்கரையில் பானையை மீனவர் சங்கக் கட்டடத்தில் வைத்துப் பூட்டினார்கள்.

"உனக்கும் வயசாயிடுச்சுக்கா," என்றான் தேசப்பன். "பானை கழுவுற வேலையெல்லாம் எதுக்கு உனக்கு இனிமே?"

ஐப்பசி மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த ஒரு காலையில், மகளையும் பேத்தியையும் வடகரையில் கொண்டுபோய் விட ஏகவல்லி தோணி தள்ளினாள். பூநாரைகள் இன்னும் வரவில்லை. வெயில் இதமாக இருந்தது. கௌசி மாமனாரைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாலய்யா புதுக் கட்டில் வாங்கியிருக்கிறார், அதைப் பழைய இடத்திலேயே போட்டிருக்கிறார். பிள்ளை மடியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

சிமெண்டுக் கம்பத்தருகே தோணி ஏறவில்லை, ஒரு படி இறங்கியது.

பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டு அழுதது.

"இன்னாடி கண்ணு, இன்னா?" என்று கௌசி அதைத் தோளில் போட்டுத் தட்டினாள். ஏகவல்லி துடுப்பைக் கீழே வைத்தாள். தோணியின் பின்பக்கமாகச் சாய்ந்து, உள்ளங்கையைத் தண்ணீரின்மேல் பரப்பி வைத்தாள்.